சுண்ணாம்பு அடித்த மரங்கள்

“இந்த ஊர்ல ஒரு மேளம் கிடைக்காதா?” என்று ஊர்ப் பெரியவர் நல்லதம்பி அம்பலம் கேட்டபோது, அவர் மனைவி செவந்தி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“மேளமா? கார்த்திகையிலயா? ஒங்களுக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருக்கா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மருதங்கரைக் கண்மாயில் ஐப்பசிக் கடைசியில் முதல் நாரை வந்து இறங்கிவிட்டால், பங்குனியில் குஞ்சுகள் பறந்து போகிற வரைக்கும் அந்த ஊரில் மேளம் கிடையாது, வேட்டு கிடையாது. தை மாதக் கல்யாணத்தில் தாலி ஏறும்போது பெண்கள் குலவை இடுவார்கள்தான். அதையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டால், “பொண்ணு வேணுமா, மேளம் வேணுமா?” என்று ஒரே கேள்வியில் அடக்கிவிடுவார்கள். ஊர் மேளக்காரர்கள் அந்த நாலைந்து மாதமும் காரைக்குடிப் பக்கம் பிழைக்கப் போய்விடுவார்கள்.

யாரும் போட்ட சட்டம் இல்லை அது. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம் என்பது ஒரு காரணம். எங்கெங்கோ இருந்து வருகிற ஜீவன்கள், வழியில் இத்தனை கண்மாய் கிடக்க, நம்மை நம்பி வந்து இறங்குகின்றனவே என்ற பெருமை இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

“கிறுக்கு எனக்கில்ல, புள்ள. நாளைக்கு ஒரு தொரை வாராராம். திருச்சியிலேர்ந்து. பறவைக்காகவே வாராராம். இந்தா நிக்கிறான் ராக்கன், அவனையே கேளு.”

தலையாரி ராக்கன் வாசலில் மூச்சு வாங்க நின்றான். “ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் ஆத்தா. திருமயம் பங்களாவுல ஜீப்பு நிக்குது. டிரைவரு ஒரு பொட்டியை இறக்குறாரு. இம்புட்டு நீளம்.” இரண்டு கைகளையும் விரித்தான். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, ஓரடி நகர்ந்து கதவின் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

நீளப் பெட்டி என்றதும் செவந்தி அரிசிப் பானையைக் கீழே வைத்தாள். சமஸ்தானம் இருந்த காலத்தில் அப்படிப் பெட்டியோடு வெள்ளைக்காரத் துரைமார் வருவார்கள். கரையில் துண்டு விரித்து உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே சுடுவார்கள். நல்லதம்பி சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு காலையில் கண்மாய்த் தண்ணீரே நிறம் மாறிப்போயிற்று. அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒரு நாரையும் மருதங்கரையை எட்டிப் பார்க்கவில்லை. ஊர் அதை ஒரு சாவு வீட்டைப் போலத்தான் நினைத்துப் பேசும்.

“சமஸ்தானந்தான் போயிருச்சே, நாலு வருசமாச்சு? இப்ப இருக்குறது நம்ம கவர்மெண்டு இல்ல?”

“கவர்மெண்டு மாறுனா தோட்டா மாறுமா? வாரவன் கண்ணுல ஒண்ணுகூடப் படக்கூடாது. விடியக்காலையிலயே வெரட்டிவிட்டு, மேலக்கரைப்பட்டிக் கண்மாய்க்கு ஏத்திரணும். தொரை போனதும் அதுகளே வந்துரும்.”

“முட்டை?”

“இன்னும் இடலை. குச்சிதான் அடுக்குதுக.”

“அப்பச் சரி,” என்றாள் செவந்தி. “ஆனா மேளத்துக்கு எங்க போவீங்க?”

அதுதான் சிக்கல். மறுநாள் காலையில் ஊரே கண்மாய்க் கரையில் திரண்டது. தகரம், முறம், வெண்கலப் பானை, உலக்கை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். அடைக்கலம் என்கிற பலசாலி கல் உரலையே தூக்கி வந்து கரையில் வைத்து, வெறும் உரலை இடிக்க ஆரம்பித்தான்.

தலைமுறை தலைமுறையாக மெதுவாகப் பேசியே பழகின ஊருக்குச் சத்தம் போடத் தெரியவில்லை. பொன்னுத்தாய் முறத்தை ஏதோ நொய் புடைக்கிற மாதிரி தட்டினாள்.

“மதினி, பலமா அடிங்க!” என்றார் நல்லதம்பி.

“மனசு வரலையே கொழுந்தனாரே. அந்தா, கழுத்தைச் சாச்சுப் பாக்குது பாருங்க. எம் மக கல்யாணத்துக்கு வந்து நின்ன அதே நாரைதான்.”

பறவைகளோ அசையவில்லை. அந்த ஊர் ஆள்களிடம் பயப்பட அவற்றுக்குக் காரணமே இருந்ததில்லை. கருவேல மரங்களில் இருந்தவை கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தன. கூழைக்கடாக்கள் இரண்டு, என்ன விசேஷம் என்று கேட்பதுபோல் கரைக்கே நீந்தி வந்தன. ஒரு நாரை இறங்கி நடந்து வந்து, அடைக்கலத்தின் உரலுக்குள் தலையை விட்டுப் பார்த்தது.

“இது நடக்குற காரியமில்ல,” என்றான் அடைக்கலம், உலக்கையை ஓங்கியபடியே நிறுத்தி.

அப்போதுதான் செவந்தி சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

“போறீகளா, இல்லையா? ஒங்களுக்கென்ன வேற ஊரு இல்லையா? எங்க தாலியை அறுக்கவா வந்தீக? போங்க! எந்திரிச்சுப் போங்க!”

கல்யாணமான நாளிலிருந்து நல்லதம்பி ஒருவர் மட்டுமே கேட்டு அறிந்திருந்த குரல் அது. இப்போது கண்மாய் முழுக்கக் கேட்டது. மறுநொடி மரங்களிலிருந்து வெள்ளை வேட்டியை உதறினாற்போல் மொத்தப் பறவைகளும் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மேற்கே போய்விட்டன.

செவந்தி தண்ணீரிலேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதுக என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?” என்றாள்.

மத்தியானம் ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய துரையைப் பார்த்து ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மெலிந்த தேகம், நெற்றியில் விபூதி, மூக்குக் கண்ணாடி. பெயர் ஆத்மநாதன், காட்டிலாகா அதிகாரி. எல்லோருக்கும் முதலில் அவரே கும்பிடு போட்டார். அது நல்லதம்பிக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பிற்று. டிரைவர் பழனிச்சாமி நீளப் பெட்டியை இறக்கிக் கரையில் வைத்தார்.

“இந்தக் கண்மாயில பறவை வருமா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒரு காக்காகூட வராதுங்க ஐயா,” என்றார் நல்லதம்பி.

வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கை கரைந்தது.

“இது வெளியூர்க் காக்காய்ங்க. வழி தப்பி வந்திருக்கும்.”

அதிகாரி தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கண்மாய்க்குள் நிற்கும் மரங்களைப் பார்த்தார். கிளை, இலை, தூர் எல்லாம் எச்சத்தில் வெளுத்துக் கிடந்தன.

“மரமெல்லாம் ஏன் இப்படி வெள்ளையா இருக்கு?”

நல்லதம்பி ஊர்க்காரர்களைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

“சுண்ணாம்பு அடிச்சிருக்கோம் ஐயா. பொங்கல் வருதுல்ல.”

“கண்மாய் மரத்துக்கா? உச்சிக்கிளை வரைக்குமா?”

“எங்க ஊரு ஆளுக நல்லா மரம் ஏறுவாக.”

“எலைக்குக்கூட அடிச்சிருக்கீங்களே.”

“அது... சிந்துனதுங்க.”

இந்த நேரம் பார்த்து, மேற்கே போகாமல் எங்கேயோ தங்கிவிட்ட ஒரு நாரை வந்து கரையில் இறங்கி, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடைக்கலத்தின் உரலை நோக்கி நடந்தது.

“அது என்ன?”

“அதுங்களா?” நல்லதம்பியின் நெற்றியில் வேர்த்தது. “கோழிங்க. எங்க வீட்டுக் கோழி. கொஞ்சம் கழுத்து நீளம்.”

“கோழியேதாங்க,” என்றாள் பொன்னுத்தாய் உதவிக்கு வந்து. “சீக்குக்கோழி. அதான் வெளுத்துப் போச்சு.”

டிரைவர் பழனிச்சாமி திடீரென்று வந்த இருமலோடு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அதிகாரியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அப்படிங்களா,” என்றார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

ஊர் இரண்டடி பின்னால் நகர்ந்தது. செவந்தி மட்டும் முன்னால் போய் அந்த நாரைக்கு மறைவாக நின்றுகொண்டாள்.

பெட்டிக்குள் துப்பாக்கி இல்லை. மூன்று கால் இருந்தது, ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அதிகாரி காலை விரித்து, குழாயை மேலே பூட்டி, கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு செவந்தியைக் கூப்பிட்டார்.

“நீங்களும் பாருங்கம்மா. தூரத்துல இருக்குறது கிட்டத்துல தெரியும். பறவையைக் கலைக்காமலே எண்ணிறலாம். இன்னிக்கு எண்ணத்தான் ஒண்ணுமில்ல.”

“எண்ணவா வந்தீக?” செவந்தி குழாயைத் தொட்டுப் பார்த்தாள். “சுடறதுக்கில்லையா?”

“சுடறதா? அதெல்லாம் பழைய காலம் தாயி. பறவை இறங்குற கண்மாயா இருந்தா அங்க யாரும் சுடக்கூடாது, மரத்தைத் தொடக்கூடாதுன்னு காவல்ல வைக்கணும்னு இப்ப நம்ம அரசாங்கத்துக்கு யோசனை. அதுக்காகத்தான் ஊர் ஊராப் போறேன். இங்கதான் ஒரு காக்காகூட இல்லையே.” அவர் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். “இந்தக் கருவேலத்தையெல்லாம் ஏலத்துல விடச் சொல்லி ஒரு கரி வியாபாரி மனுப் போட்டிருக்காரு. வயசான மரம். நல்ல கரி வரும்.”

நல்லதம்பி மரங்களைப் பார்த்தார். மரம் போனால் பறவை எங்கே இறங்கும்? துப்பாக்கியாக இருந்தால் ஒரு சிலதான் செத்திருக்கும். அவர் சொன்ன பொய்யில் மொத்தமும் போகப்போகிறது.

“உண்மையைச் சொல்லிருங்களேன்,” என்று செவந்தி ஒரு காதில் கிசுகிசுத்தாள்.

“கவர்மெண்டுகிட்டப் பொய் சொன்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க,” என்று இன்னொரு காதில் அடைக்கலம் கிசுகிசுத்தான்.

நல்லதம்பி இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டார். “ஐயா, இன்னிக்கு எங்க சாவடியில தங்கிட்டு, காலையில ஒருதரம் பாத்துட்டுப் போங்களேன். பனி நேரத்துல சிலசமயம்... வந்தாலும் வரும்.”

“ஒரு காக்காகூட வராதுன்னீங்களே?”

“காக்கா வராதுங்க. மத்தது வரும்.”

அதிகாரி தங்குவதற்குச் சம்மதித்தார். நல்லதம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலக்கரைப்பட்டிக்கு மிதித்தார். அந்த ஊருக்குப் பெரியவர் மலையாண்டி. செவந்திக்கு உடன்பிறந்த அண்ணன். கரையில் கட்டில் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பட்டாபிஷேகம் ஆன ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே கண்மாய் முழுக்க மருதங்கரைப் பறவைகள்.

“வாங்க மாப்பிள்ளை, மெதுவா வாங்க. சைக்கிள் மணியை அடிச்சுராதீக. எங்க ஊருக்கு விருந்தாளி வந்திருக்காக.”

“மச்சான், அது எங்க ஊருப் பறவை.”

“அப்படின்னு எங்கிட்டும் எழுதி ஒட்டியிருக்கா? விடிஞ்சதும் தானா வந்துச்சுக. இனிமே எங்க ஊர்லயும் பங்குனி வரைக்கும் மேளம் கிடையாதுன்னு சொல்லிட்டேன். நாளைக்கு எங்க பங்காளி வீட்டுக் கல்யாணம். மேளக்காரவுகளை இப்பத்தான் திருப்பி அனுப்புனேன்.”

நல்லதம்பி நடந்ததைச் சொன்னார். கெஞ்சினார். “நாலு தட்டுத் தட்டி இங்கிட்டு வெரட்டி விடுங்க மச்சான். ஒங்க தங்கச்சி சோறு தின்னாம ஒக்காந்திருக்கா.”

மலையாண்டி கட்டிலை விட்டு எழுந்தார். “வீடு தேடி வந்த ஜீவனை அடிச்சு வெரட்டுறது மருதங்கரைப் பழக்கம் மாப்பிள்ளை. எங்க ஊர்ல அப்படிக் கிடையாது.”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பறவைக்குப் பேர்போன ஊர் மருதங்கரை. ஒரே நாள் காவல் காத்த மேலக்கரைப்பட்டி அதைக் குத்திக் காட்டுகிறது. நல்லதம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

மறுநாள் வெள்ளென எழுந்து வாசல் தெளிக்கப் போன செவந்தி, தெளிக்காமலே உள்ளே ஓடி வந்தாள். “எந்திரிங்க, எந்திரிங்க. வந்துருச்சுக!”

மேலக்கரைப்பட்டியில் எத்தனை உபசாரம் செய்தார்களோ தெரியாது, அங்கே அவை தின்கிற நத்தை இல்லை. கட்டிப் பாதியில் விட்ட கூடும் இல்லை. விடிந்தும் விடியாததுமாய்க் கூட்டம் கூட்டமாக வந்து தத்தம் கிளையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. நல்லதம்பி கரைக்கு ஓடினார். அதிகாரி ஏற்கெனவே குழாயில் கண்ணை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தீங்களா ஐயா! வந்துருச்சு பாத்தீங்களா! இன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கு!”

அதிகாரி கண்ணை எடுத்தார். “புதுசாவா?”

“ஆமாங்க. இப்பத்தான். முதல் தடவை.”

“அடடா,” என்றார் அதிகாரி. “அப்படின்னா பிரயோசனமில்லையே. வருசா வருசம் வந்து தங்குற எடத்தைத்தான் காவல்ல வைக்க முடியும். வழியில எளைப்பாற ஒரு நாளு இறங்குனதுக்கெல்லாம் ஏலத்தை நிறுத்த முடியாதுங்களே.”

நல்லதம்பி தலையில் கையை வைத்துக்கொண்டார். “இல்லைங்க ஐயா, வருசா வருசம் வருங்க! எங்க பூட்டன் காலத்துலேர்ந்து வருதுங்க!”

“நேத்து ஒரு காக்காகூட வராதுன்னீங்க.”

“பொய்யிங்க.”

“எது பொய்? நேத்துச் சொன்னதா, இப்பச் சொல்றதா?”

“நேத்துச் சொன்னதுங்க. சுண்ணாம்பும் பொய்யிங்க. அது எச்சம்.”

“கோழி?”

“நாரைங்க.” நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டார். “என்னை உள்ள போடுறதுன்னாலும் போட்டுக்கங்க. மரத்தை விட்டுருங்க. நீங்க சுடத்தான் வாரீகன்னு நெனைச்சு நாந்தான் எல்லாத்தையும் அடிச்சு வெரட்டுனேன்.”

“அவரு எங்கிட்டு வெரட்டுனாரு?” செவந்தி ஊர்க்கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். “வெரட்டுனது நான். தண்ணிக்குள்ள எறங்கி, வாய்க்கு வந்தபடி ஏசினேன். போடுறதுன்னா என்னையப் போடுங்க.”

“நான் மொறத்தைத் தட்டுனேன்யா,” என்றாள் பொன்னுத்தாய். “பலமா இல்ல. ஆனா தட்டுனேன். எம் மகளுக்கு மேளமில்லாமத்தான் தாலி கட்டுனோம். சம்பந்தி வீட்ல இன்னிக்கும் சொல்லிக்காட்டுறாக. கட்டட்டும். இந்த வருசம் பேத்திக்கும் அப்படித்தான் கட்டுவோம்.”

“ஒரலு என்னுது,” என்று அடைக்கலம் பின்னாலிருந்து கையைத் தூக்கினான். தகரம் தட்டினவர், பானை தட்டினவர் என்று ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்றார்கள். ராக்கனும் வந்து நின்றான்: “தப்பாச் சேதி சொன்னது நானுங்க.” கரையில் இடமில்லாமல் போயிற்று. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. கூட்டில் பறவை இருக்கிறதே.

அதிகாரி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். “எழுத வேண்டியதை எழுதிக்கிறேன்,” என்று மட்டும் சொன்னார். விறுவிறுவென்று போய் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின.

“நல்ல கோவம் போலருக்கு,” என்று அடைக்கலம் முணுமுணுத்தான்.

டிரைவர் பழனிச்சாமி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்லதம்பி அவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத குரலில் கும்பிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்களாவது ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பொய் சொன்னது நாங்க, அந்த வாயில்லாத ஜீவனுக இல்ல. இம்புட்டுத் தூரம் வந்தவரு, ஒருதரம் அதுகளை எண்ணிட்டாவது போகச் சொல்லுங்க.”

பழனிச்சாமி மூடியை இறுக்கித் திருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் நின்ற ஊர்க்கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“பறவைகளையெல்லாம் ஐயா போன வாரமே அக்கரையில ஒக்காந்து எண்ணி முடிச்சுட்டாருங்க. இப்ப எண்ண வந்தது, அதுகளுக்கு இங்க எத்தனை காவக்காரங்கன்னு.”